பால்சம் படியில் விழுந்தாரா, இல்லையா?

முன்வரிசை: "அமெரிக்க நடிகர் மார்ட்டின் பால்சம் மேடையில் உரமேறிய உடம்பு, அதனால்தான் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வில் (1960) படியில் மல்லாக்க உருண்டு விழ முடிந்தது" என்று நேற்று ஒருவர் இங்கே அடித்துவிட்டிருக்கிறார். பால்சம் ஒரு படிகூட விழவில்லை சார். ஆளே இல்லாத படிக்கட்டில் கேமராவை மேலிருந்து கீழே இறக்கித் தனியாக எடுத்தார்கள். அதைப் பின்திரையில் ஓட்டி, முன்னால் அவரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கையை வீசினார், அவ்வளவுதான்.

மேடைக்காரன்: எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். "அவ்வளவுதான்" என்றா சொல்கிறீர்கள்? இருந்த இடத்தில் இருந்தபடி, கையிலும் முகத்திலும் மட்டும் தடுமாற்றத்தைக் கொண்டுவர வேண்டும். நியூயார்க்கின் ஆக்டர்ஸ் ஸ்டுடியோ நடிப்புப் பட்டறையின் பயிற்சி அதுதான். சும்மாவா 1968-ல் மேடை நடிப்புக்கான டோனி விருது கொடுத்தார்கள்?

முன்வரிசை: 'உருண்டு விழ முடிந்தது' என்று எழுதினீர்களா இல்லையா? நாற்காலியில் உட்கார்ந்தவர் எப்படி ஐயா உருளுவார்?

பழைய ரீல்: அந்தக் காட்சியில் பேச வேண்டியது விழுவதை அல்ல, ஏறுவதை. ஹிட்ச்காக் காய்ச்சலில் படுத்திருந்தபோது, வடிவமைப்பாளர் சால் பாஸ் காட்சிக்காக வரைந்த படங்களை வைத்துக் கைப்பிடியில் நகரும் கை, படியேறும் கால் என்று துண்டு துண்டாக எடுத்தார்கள். போட்டுப் பார்த்தால் துப்பறிய வந்த ஆர்போகாஸ்ட் (பால்சமின் வேடம்) கொலை செய்யப் போகிறவர் மாதிரி இருந்தார். ஹிட்ச்காக் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, சாதாரணமாக ஏறுகிற மாதிரி வைத்தார். அடுத்து கேமரா உச்சிக்குப் போவது கத்தியோடு வரும் 'அம்மா'வின் முகத்தை மறைக்க. அவ்வளவு உயரத்திலிருந்து உடனே தாவுவதால்தான் ஆர்போகாஸ்டின் பெரிய முகம் சட்டென்று வந்து அறைகிறது.

முன்வரிசை: சரி. விழுந்தாரா?

மேடைக்காரன்: '2001' விண்வெளிப் படத்தில் ஹால் என்ற கணினியின் குரலை முதலில் பதிவு செய்தவரே பால்சம்தான். இது தெரியுமா உங்களுக்கு?

பழைய ரீல்: பாதியை விழுங்காதீர்கள். அமெரிக்க வாடை தூக்கலாக இருக்கிறது என்று இயக்குநர் குப்ரிக் அதை நீக்கிவிட்டு, கனடா நடிகர் டக்ளஸ் ரெயினைப் பேச வைத்தார்.

மேடைக்காரன்: ஆஸ்கர்? அவருக்கு அதை வாங்கித் தந்த 'எ தவுசண்ட் கிளவுன்ஸ்' (1965) படமே மேடை நாடகத்திலிருந்து வந்ததுதானே?

முன்வரிசை: நியூயார்க்கின் பிராட்வே மேடையில் அது ஓடியபோது பால்சம் அதில் இல்லை. படத்தில்தான் அண்ணன் வேடம். அதையும் மேடைக் கணக்கில் எழுதாதீர்கள்.

தும்மல்: இரண்டு பேருமே 'பெல்ஹாம்' (1974) படத்தை விட்டுவிட்டீர்கள். ரயிலைக் கடத்தும் கும்பலில் ஒருவராக வரும் பால்சமுக்குப் படம் முழுக்கச் சளி, தும்மல். கடைசியில் விசாரிக்க வந்தவர் கதவைச் சாத்துகிற நேரம் ஒரு தும்மல், மாட்டிக்கொண்டார். அதுதான் குணச்சித்திர நடிப்பு.

மேடைக்காரன்: முடிவை உடைத்துவிட்டீர்களே! பார்க்காதவர்கள் படிக்கிற இடம் இது.

தும்மல்: வந்து ஐம்பது வருஷம் ஆன படம் அண்ணே.

முன்வரிசை: தும்மலை அப்புறம் பார்க்கலாம். 'உருண்டு' என்ற சொல் நேற்றைய பதிவில் இன்னும் அப்படியே நிற்கிறது.

மேடைக்காரன்: நிற்கட்டும். பார்க்கிற கண்ணுக்கு அவர் விழுந்தார்.

முன்வரிசை: நாற்காலியில்.