ஒரே ஆன்டெனாவில் 40 வாட் அனுப்பும்போது ரிசீவருக்கு எப்படிக் கேட்கிறது?

அலைமாணவன்:

செல்பேசி அடிநிலையத்தின் சுற்றுப்படத்தைப் படித்து வருகிறேன். டிரான்ஸ்மிட்டர் 40 வாட் ஆற்றலை அனுப்பிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், அதே ஆன்டெனா வழியாக, ரிசீவர் 0.1 பிக்கோவாட் அளவேயான சிக்னலைப் பெறுகிறது. இரண்டுக்கும் இடையே நான்கு கோடி கோடி மடங்கு வேறுபாடு இருக்கிறது. இரண்டின் அதிர்வெண்களும் வேறு என்பது தெரியும். ரிசீவரின் வாசலில் நல்ல வடிகட்டி ஒன்றை வைத்துவிட்டால் போதுமா?

குழிவடிகட்டி:

போதாது. அனுப்புவதையும் பெறுவதையும் ஒரே ஆன்டெனாவில் இணைக்கும் டூப்ளெக்சர் என்ற கருவியில் இரண்டு வடிகட்டிகள் இருப்பதற்குக் காரணமே அதுதான். 2ஜி செல்பேசிகளின் ஜிஎஸ்எம் 900 பட்டையை எடுத்துக்கொள்வோம். செல்பேசிகள் 890 முதல் 915 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், நிலையம் 935 முதல் 960 வரையிலும் அனுப்புகின்றன. ரிசீவர் பக்கத்து வடிகட்டி 935-க்கு மேலுள்ள பேராற்றலைத் தடுத்து, முதல் பெருக்கி திணறிப்போகாமல் காக்கிறது.

ஆனால் டிரான்ஸ்மிட்டரின் இறுதிப் பெருக்கியான பவர் ஆம்ப்ளிஃபையர் தனக்குரிய அலைவரிசையில் மட்டும் ஆற்றலை உமிழ்வதில்லை. அதன் இரைச்சல் மெல்லியதாகப் பரவி 890–915 பட்டைக்குள்ளும் விழுகிறது. அங்கே விழுந்துவிட்டால், செல்பேசியின் சிக்னலும் அந்த இரைச்சலும் ஒரே அதிர்வெண்ணில் இருப்பதால், ரிசீவர் பக்கத்தில் எந்த வடிகட்டியாலும் அவற்றைப் பிரிக்க இயலாது. எனவே அது ஆன்டெனா முனையை அடையும் முன்பே, டிரான்ஸ்மிட்டர் பக்கத்து வடிகட்டி அதை அழித்தாக வேண்டும். 200 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் இயற்கையான வெப்ப இரைச்சல் ஏறத்தாழ −121 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல் அளவு). டிரான்ஸ்மிட்டரின் இரைச்சல் ரிசீவரின் சொந்த இரைச்சலுக்குச் சமமானால் உணர்திறன் 3 டெசிபெல் குறையும், அதாவது பாதியாகும். அதைவிட 10 டெசிபெல் கீழே இருந்தால் இழப்பு 0.4 டெசிபெல் மட்டுமே. ரிசீவரின் தரத்தில் பாதிக்கு மேற்பட்டதைத் தீர்மானிப்பது டிரான்ஸ்மிட்டரின் தூய்மைதான் என்பது என் உறுதியான கருத்து.

நேர்கோடு:

அந்தத் தூய்மை எளிதில் கிடைப்பதில்லை. எல்டிஇ (4ஜி) சிக்னலின் உச்சம் அதன் சராசரியைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு வரை எழக்கூடியது. அந்த உச்சத்தைச் சிதைக்காமல் அனுப்ப வேண்டுமானால் பெருக்கியைப் பெரும்பாலான நேரம் அதன் திறனுக்கு வெகு கீழே இயக்க வேண்டும். மின்சாரம் வெப்பமாக வீணாகும். 1936-இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் டோஹர்ட்டி வானொலி ஒலிபரப்புக்காக வடிவமைத்த அமைப்பில் இரண்டு பெருக்கிகள் இணைந்திருக்கும். இரண்டாவது, உச்சங்கள் வரும்போது மட்டும் விழித்துக்கொள்ளும். இன்றைய நிலையங்களிலும் அதே உத்திதான் பரவலாகப் பயன்படுகிறது. அது உண்டாக்கும் சிதைவை ஈடுகட்ட, வெளியீட்டின் சிறு பகுதியைப் பிரித்தெடுத்து, தனியொரு கண்காணிப்பு ரிசீவரால் அளந்து, எதிர்ச்சிதைவை டிஜிட்டல் நிலையிலேயே முன்கூட்டிச் சேர்த்துவிடுகிறார்கள். இது அடுத்தடுத்த அலைவரிசைகளைத் தூய்மையாக்கும். அதிர்வெண்ணில் தள்ளியிருக்கும் பெறுபட்டையில் (ரிசீவர் கேட்கும் பட்டையில்) விழும் இரைச்சலை நீக்குவது டூப்ளெக்சரின் பொறுப்பாகவே இருக்கிறது.

கோபுரப்பணி:

களத்தில் பணிபுரிகிறவன் என்ற முறையில் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும், தளர்ந்த கனெக்டரோ துருவோ ரிசீவரைக் குருடாக்கிவிடும். 935, 960 மெகாஹெர்ட்ஸ் அலைகள் இரண்டும் அத்தகைய இணைப்பின் வழியாகச் சென்றால், 2 × 935 − 960 = 910 என்ற புதிய அலை அங்கேயே பிறக்கிறது; அது நேராகப் பெறுபட்டையின் நடுவே விழுகிறது. டூப்ளெக்சரைத் தாண்டிய பிறகு பிறப்பதால் எந்த வடிகட்டியும் உதவாது. இணைப்பைச் சரியான முறுக்குவிசையில் இறுக்குவதும், கெட்டதை மாற்றுவதும்தான் வழி.

அலைமாணவன்:

மூவருக்கும் மிக்க நன்றி. 5ஜி 3.5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் அனுப்புவதும் பெறுவதும் ஒரே அதிர்வெண்ணில் நடக்கின்றனவே, அங்கே டூப்ளெக்சர் எப்படி வேலை செய்யும்?

குழிவடிகட்டி:

அங்கே டூப்ளெக்சர் இல்லை. இரண்டும் நேரத்தால் பிரிக்கப்படுகின்றன. சிக்னலை ஒரு திசையில் மட்டும் அடுத்த வாசலுக்குக் கடத்தும் சர்க்குலேட்டரும் வேகமான சுவிட்சும் பாதையை மாற்றுகின்றன. பெறும் நேரத்தில் பவர் ஆம்ப்ளிஃபையரின் பயாஸையே, அதாவது அதை இயங்கு நிலையில் வைக்கும் மின்னழுத்தத்தையே, துண்டித்துவிடுவார்கள். உள்ளீடு எதுவும் இல்லாவிட்டாலும், இயங்கும் பெருக்கியின் இரைச்சல் மட்டுமே தொலைவிலுள்ள செல்பேசியின் சிக்னலை மூழ்கடித்துவிடும்.