எல்எஸ்6 செவெல்லில் இருக்கும் நான்கு கியர் பிறவியிலேயே வந்ததா?

ஓஹையோக்காரன்:
1970ஆம் ஆண்டுச் செவர்லே செவெல் எஸ்எஸ் 454 கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எல்எஸ்6 என்ற சக்திமிக்க எஞ்சினும் எம்22 என்ற நான்கு கியர் மேனுவல் கியர்பாக்ஸும் ஆலையில் பூட்டியபடியே இருக்கின்றன என்று விற்பவர் சொல்கிறார். பில்டு ஷீட் (காரில் எவற்றைப் பூட்ட வேண்டும் என்று ஆலையில் எழுதிய தாள்) இல்லை. கியர்பாக்ஸ் கேஸின் (வெளிக்கூட்டின்) மேல் காரின் எண் (ஆலை தந்த விஐஎன் எண், பதிவு எண் அன்று) குத்தப்பட்டிருக்கும் படத்தை அனுப்பியிருக்கிறார். அது கண்ணாடிக்குக் கீழே உள்ள எண்ணோடு பொருந்துகிறது. இதை மட்டும் நம்பி முன்பணம் கொடுக்கலாமா?

மூன்றாம்பெடல்:
தாராளமாகக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. செவர்லே நிறுவனம் அந்த ஆண்டில் கியர்பாக்ஸின் மேலும் காரின் சுருக்க எண்ணைக் குத்தியது: செவர்லேக்கு 1, ஆண்டுக்கு 0, ஆலைக்கு ஓர் எழுத்து, அதன்பின் ஆறு இலக்க வரிசை எண். ஒரு கியர்பாக்ஸ் எந்தக் காருக்குச் சொந்தம் என்பதை அந்தக் கியர்பாக்ஸே சொல்லும் ஒரே அடையாளம் இதுதான். வாரண்டி அட்டை, விளம்பரத்தாள், பழைய உரிமையாளரின் நினைவு என்று மற்றவை எல்லாம் காரைப் பற்றிய பேச்சு. உலோகத்தின் மேல் இருக்கும் எண் மட்டுமே நேரடிச் சாட்சி.

இரும்புக்குதிரை:
நண்பர் மூன்றாம்பெடல் அவர்கள் சொல்லும் சாட்சியை, ஒரு சுத்தியலும் எழுத்துக் குத்திகளும் வைத்திருக்கும் எவரும் ஒரே மாலையில் உண்டாக்கிவிட முடியும். வாரண்டியில் மாற்றிக் கொடுக்கப்பட்ட உதிரிக் கேஸ்கள் கார் எண் இல்லாமல்தான் வந்தன என்பதால், குத்துவதற்கு வெற்றிடம் உள்ள கேஸ் தேடினால் கிடைக்கும். செவெல்லின் எண்ணில் அந்த ஆண்டில் எட்டு சிலிண்டரா, ஆறு சிலிண்டரா என்பதற்கு மேல் எஞ்சினைப் பற்றி எதுவும் இல்லை. கியர்பாக்ஸைப் பற்றிச் சுத்தமாக இல்லை. எனவே சாதாரண வி8 செவெல் ஒன்றை எல்எஸ்6 நான்கு கியர் என்று சொல்லி விற்கத் துணிந்தவனுக்கு, காரின் எண் எந்தத் தடையும் வைப்பதில்லை.

எஞ்சினின் முன்புறம் குறியீடு குத்தும் தட்டையான மேடையில் உள்ள எழுத்துகளை முதலில் கேளுங்கள். எல்எஸ்6 மேனுவல் காருக்குச் சிஆர்வி, ஆட்டோமேட்டிக் காருக்குச் சிஆர்ஆர். சிஆர்ஆர் என்று இருந்தால், கியர்பாக்ஸில் எந்த எண் இருந்தாலும் அந்த எஞ்சின் டர்போ 400 ஆட்டோமேட்டிக்கோடு பிறந்தது என்றாகும்.

மூன்றாம்பெடல்:
எஞ்சின் மேடையைச் சீவி மறுபடி குத்துவது கியர்பாக்ஸில் குத்துவதைவிடப் பரவலான தொழில் என்பதை நண்பர் மறந்துவிட்டார். ஒரு பொறிப்பைச் சந்தேகிக்கிறவர் இன்னொரு பொறிப்பை ஆதாரமாகக் காட்டுவது எப்படி?

கியர்பாக்ஸில் இருப்பது ஓர் எண் மட்டுமன்று. கியர்பாக்ஸைச் செய்த மன்சி ஆலை தன் பங்குக்கு ஒரு தொடர் குத்தியது: முதலில் ஆலையைக் குறிக்கும் பி (P), பிறகு ஆண்டு, மாதத்துக்கு ஓர் எழுத்து, தேதி, கடைசியில் வகை எழுத்து. அந்த ஆலையின் நான்கு கியர் வகைகளில் எம்20க்கு ஏ (A), எம்21க்கு பி (B), எம்22க்கு சி (C). எல்எஸ்6 மேனுவலுக்கு எம்22 மட்டுமே கொடுக்கப்பட்டது என்பதால், கடைசி எழுத்து வேறாக இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. கார் எண், தேதி, வகை எழுத்து ஆகிய மூன்றும் ஒத்துப்போகும்படி ஒரு கேஸைத் தேடிப் பிடிப்பது ஒரே மாலையில் முடிகிற வேலையன்று. அப்படியும் ஏமாற்றினால், மூடியைக் கழற்றிப் பாருங்கள். எம்22இன் பற்கள் மற்ற இரண்டையும்விடக் குறைந்த சாய்வில் வெட்டப்பட்டவை. அது போடும் இரைச்சலுக்குக் காரணமே அதுதான்.

பழையபோல்ட்:
இடையில் ஒரு சொல். செவர்லேக்காரர்கள் இவ்வளவு அல்லாடுவதற்குக் காரணம் அந்த நிறுவனத்தின் தனித்தனிக் கார் விவரம் பெரும்பாலும் மிஞ்சவில்லை என்பதே. பாண்டியாக்குக்குப் பழைய பில்லிங் பதிவுகள் உள்ளன. 1967 முதலான ஃபோர்டு கார்களுக்கு, ஆலைப் பதிவிலிருந்து எடுத்துத் தரும் மார்ட்டி அறிக்கை கிடைக்கிறது. கனடாவில் விற்ற ஜிஎம் (செவர்லேயின் தாய் நிறுவனம்) கார்களுக்கு அந்த நாட்டுக் கிளையே விவரம் தருகிறது. கிரைஸ்லர் கார்களில் ஃபெண்டர் தகட்டில் டி21 என்று இருந்தால் நான்கு கியர்; அந்தத் தகட்டையும் போலியாகச் செய்கிறார்கள், ஆனால் நான்கு கியர் காருக்காக ஆலையில் தரையை வெட்டிப் பற்றவைத்த மேட்டை ஆலை வேலைபோலவே செய்துவிடுவது எளிதன்று. 2014இல் சியாட்டில் ஏலத்தில் கிரைஸ்லரின் 1971 ஹெமி குடா கன்வர்டிபிள் ஒன்று 35 லட்சம் டாலருக்குப் போனதற்கு, அது நான்கு கியர் என்பதும் ஒரு காரணம். அந்த அளவுப் பணம் புழங்கும் இடத்தில் யாரும் ஒற்றை எண்ணைப் பார்த்துக் கையெழுத்திடுவதில்லை.

இரும்புக்குதிரை:
பழையபோல்ட் அவர்கள் சொன்ன தரைமேட்டைத்தான் நானும் வேறு வடிவில் கேட்கிறேன். "இந்தக் கியர்பாக்ஸ் இந்தக் காருடையதா" என்பது ஒரு கேள்வி. "இந்தக் கார் மேனுவலாகப் பிறந்ததா" என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கான விடை, பணம் பார்க்கிறவன் திருத்த மெனக்கெடாத இடங்களில் கிடக்கிறது. 1969 முதல் ஜிஎம் மேனுவல் கார்களில் ரிவர்ஸ் போட்டால்தான் சாவி வெளியே வரும். அதற்காகக் கியர்பாக்ஸிலிருந்து ஸ்டியரிங் தண்டின் அடிப்பகுதிக்கு ஒரு கம்பி போகும். ஆட்டோமேட்டிக்கை மாற்றிக் கட்டுகிறவர்கள் மூன்று பெடலையும் புது ஷிஃப்டரையும் மறக்கமாட்டார்கள், இந்தக் கம்பியை மட்டும் மறந்துவிடுவார்கள்.

பொறிப்பையே பார்ப்பதானால் அதையும் சரியாகப் பார்க்க வேண்டும். மன்சியின் தொடர் இண்டியானாவில் குத்தப்பட்டது. கார் எண், கார் கூட்டப்பட்ட ஊரில் வேறொருவர் கையால் குத்தப்பட்டது. இரண்டும் ஒரே எழுத்து வடிவத்தில், ஒரே ஆழத்தில், ஒரே நேர்கோட்டில் அழகாக அமைந்திருந்தால் எனக்கு மகிழ்ச்சி வராது, சந்தேகம்தான் வரும். எண்ணைச் சுற்றியுள்ள அலுமினியத்தில் வார்ப்பின் சொரசொரப்பு அப்படியே இருக்க வேண்டும். அங்கே மட்டும் வழவழப்பாக இருந்தால், எதையோ தேய்த்து எடுத்திருக்கிறார்கள். வார்ப்பு எண்ணை யாரும் பெரிய ஆதாரமாகக் காட்ட வேண்டாம். 3925661 என்ற எண்ணோடு 1974 வரை கேஸ்கள் வந்தன.

ஓஹையோக்காரன்:
விற்பவரிடம் கேட்டு மூன்று விவரங்கள் பெற்றேன். மன்சி தொடர் பி0சி17சி (P0C17C). தீச்சுவரில் (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தடுப்பில்) உள்ள தகட்டில் 03ஏ என்று இருக்கிறது. சாவி, கியர் நியூட்ரலில் இருக்கும்போதே வந்துவிடுகிறதாம்.

இரும்புக்குதிரை:
அப்படியானால் கியர்பாக்ஸ் மார்ச் 17இல் செய்யப்பட்டது; காரின் உடலுக்கோ மார்ச் முதல் வாரம் என்று தகடு சொல்கிறது. வண்டி நின்று காத்திருந்தால்தான் இந்தக் கியர்பாக்ஸ் வந்து சேர்ந்திருக்க முடியும்.

மூன்றாம்பெடல்:
தகட்டில் இருப்பது, ஜிஎம்மின் உடல் செய்யும் பிரிவான ஃபிஷர் பாடி உடலுக்குக் குறித்த வாரம். கார் முழுதாகக் கூட்டப்பட்டு வெளியே வந்த நாள் அன்று. இரண்டுக்கும் இடைவெளி இருந்தது என்பது தெரிந்ததே. சாவிக் கம்பியையும் ஹெடர் (எஞ்சினுக்கான மாற்றுப் புகைக்குழாய்) பூட்டுகிறவர்கள் இடைஞ்சல் என்று கழற்றி எறிந்தது உண்டு. ஆனாலும் பத்து நாளுக்கு மேற்பட்ட இடைவெளியை நான் வலிந்து விளக்கமாட்டேன். கார் எந்த நாளில் கூட்டப்பட்டது என்பதை வேறு வழியில் காட்டும் பொறுப்பு விற்பவருடையது.

இரும்புக்குதிரை:
ஹெடருக்காகக் கம்பியைக் கழற்றினாலும், தண்டின் அடியில் அது இணையும் நெம்புகோல் அங்கேயே இருக்கும். காரின் கீழே படுத்து அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எரிபொருள் தொட்டியை இறக்கி அதன் மேல் பில்டு ஷீட் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பல செவெல்களில் அந்தத் தாள் அங்கேதான் கிடைத்திருக்கிறது.

மூன்றாம்பெடல்:
இரண்டு யோசனைகளுக்கும் எனக்கு மறுப்பில்லை. அவை வரும்வரை எம்22 பூட்டிய எல்எஸ்6 என்ற விலைக்கு மேல் பேசாதீர்கள். பிறவி நான்கு கியர் என்பதற்கான கூடுதல் தொகையை விற்பவர் கேட்டால், மூடியைக் கழற்றிக் காட்டவும் அவர் சம்மதிக்கட்டும்.