கொல்லிமலை இறக்கத்தில் முன் பிரேக் லிவர் இளகிப்போனது: காரணம் அறிய உதவி தேவை

கேள்வி (நாமக்கல்லிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது முன்புறம் டிஸ்க் பிரேக்கும் பின்புறம் டிரம் பிரேக்கும் கொண்ட 150 சி.சி. மோட்டார் சைக்கிள். சென்ற மாதம் மனைவியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு, மிளகு மூட்டை ஒன்றையும் கட்டிக்கொண்டு, கொல்லிமலையிலிருந்து காரவள்ளி நோக்கி இறங்கியபோது நடந்ததை இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது பலருக்கும் தெரிந்திருக்கும். ஏறத்தாழ பாதி வளைவுகளைத் தாண்டும் வரை ஒரு குறையும் தெரியவில்லை. அதன் பிறகு முன் பிரேக் லிவர் வழக்கத்தைவிடச் சற்று அதிகமாக உள்ளே வரத் தொடங்கியது. அடுத்த சில வளைவுகளுக்குள், அழுத்தினால் எந்த எதிர்ப்பும் இல்லாமல் ஹேண்டில் பார் வரை வந்து ஒட்டிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டது. அதே நேரத்தில் எதிரே ஒரு சிற்றுந்து ஏறி வந்துகொண்டிருந்தது. பின் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து, கியரை அடுத்தடுத்துக் குறைத்து, மலைச்சுவர்ப் பக்கம் இருந்த வடிகால் ஓரமாக ஒதுக்கியதில் வண்டி நின்றது. சிற்றுந்தின் ஓட்டுநர் எங்கள் நிலையைக் கண்டு வளைவுக்கு முன்பே நிறுத்திக்கொண்டார். அவர் கவனிக்காமல் ஏறி வந்திருந்தால் நாங்கள் ஒதுங்குவதற்கு அந்த இடத்தில் வழியே இருந்திருக்காது.

என்னைக் குழப்புவது அதற்குப் பிறகு நடந்ததுதான். அரை மணி நேரம் ஓரமாக அமர்ந்திருந்துவிட்டுப் பார்த்தபோது லிவர் பழையபடி இறுகியிருந்தது. எங்கும் ஆயில் கசிவு இல்லை. மறுநாள் பணிமனையில் காட்டினேன். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடும் டிஸ்க்கும் நன்றாகவே உள்ளன, கவலைப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். எங்கள் குடும்பத்தின் மிளகுத் தோட்டம் மலைமேல் இருப்பதால் அந்தப் பாதையைத் தவிர்க்க முடியாது. காரணம் தெரியாமல் மறுபடியும் மனைவியை ஏற்றிக்கொண்டு இறங்க எனக்கு மனம் வரவில்லை. நீண்ட காலம் வண்டி ஓட்டியவர்கள் தங்களுக்கு இப்படி நேர்ந்திருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

மறுமொழி (ஏற்காடு)

நண்பரே, இருவரும் காயமின்றி வந்து சேர்ந்ததில் மகிழ்ச்சி. முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துங்கள். மலையில் பிரேக் கைவிடுவது இரண்டு வகையாக நடக்கும். லிவர் கல் போல இறுகியே இருக்கும், ஆனால் வண்டி நிற்காது என்றால் பேட் சூடேறிப் பிடிமானத்தை இழந்திருக்கிறது, அல்லது டிஸ்க்கில் எண்ணெய் பட்டிருக்கிறது. லிவரே இளகி உள்ளே போய், ஆறிய பின் திரும்பி வந்தது என்றால் கோளாறு பிரேக் ஆயிலில் இருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது வகையாகத் தெரிகிறது. ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

கேள்வி கேட்டவர்

லிவர் இளகித்தான் போனது ஐயா. வண்டி வாங்கி ஐந்து ஆண்டுகள் முடிந்துவிட்டன. என்ஜின் ஆயில் தவறாமல் மாற்றப்படுகிறது. பிரேக் ஆயில் மாற்றியதாகச் சர்வீஸ் சீட்டுகள் எதிலும் இல்லை. குறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறார்கள் என நினைக்கிறேன்.

மறுமொழி (பணிமனை நடத்துபவர், சேலம்)

காரணம் அதுதான். சற்று விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் மலையடிவாரத்து ஊர்களிலிருந்து இந்தக் குறையோடு வரும் வண்டிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன், அவற்றில் பெரும்பாலானவை பேட் நன்றாக இருக்கிறது என்ற பதிலோடு வேறெங்கோ திருப்பி அனுப்பப்பட்டவை.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் தன்மை உடையது. மூடி இறுக்கமாக இருந்தாலும் ரப்பர் குழாய் வழியாகவும் சீல்கள் வழியாகவும் ஈரம் உள்ளே போகும். பிரேக் ஆயிலின் தர வகைகளில், புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரையும், டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரையும் கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஆனால் 3.7 சதவீத அளவுக்கு நீர் கலந்துவிட்டால் அந்த எல்லை முறையே 140 டிகிரிக்கும் 155 டிகிரிக்கும் இறங்கிவிடும். ஐந்தாண்டுப் பழைய ஆயிலில் ஈரம் ஏறாமல் இருக்க வாய்ப்பே இல்லை. பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கேலிப்பருக்குள் ஆயில் கொதித்தவுடன் ஆவிக் குமிழிகள் உண்டாகின்றன. திரவத்தை நசுக்க முடியாது. ஆவியை எளிதாக நசுக்கிவிடலாம். ஆகவே உங்கள் கை கொடுக்கும் அழுத்தம் முழுவதும் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகிறது, பேடுக்குப் போய்ச் சேருவதில்லை. ஆறியதும் குமிழி மறுபடியும் திரவமாகிவிடும், லிவர் இறுகிவிடும். மறுநாள் பணிமனையில் குறை தெரியாமல் போனதற்கு இதுவே காரணம்.

வெப்பம் எவ்வளவு சேர்கிறது என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அந்த உயரத்திலிருந்து விடுபடும் ஆற்றல், அதே வண்டியை 60 கி.மீ. வேகத்திலிருந்து 70 முறை முழுமையாக நிறுத்தும்போது வெளிப்படும் ஆற்றலுக்குச் சமம்; வளைவுக்கு ஒரு முறை அடித்து நிறுத்துவதாகவே கொள்ளலாம். இதில் ஒரு பகுதியைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். மீதியை என்ஜின் தாங்குகிறதா, பிரேக் தாங்குகிறதா என்பது நீங்கள் எந்தக் கியரில் இறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மூன்றாம், நான்காம் கியரில் மெதுவாக இறங்கினால் பெரும் பகுதி பிரேக்கின் தலையில் விழும். நியூட்ரலில் உருட்டிக்கொண்டு போனாலோ, கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டே இறங்கினாலோ முழுவதும் பிரேக்கின் தலையில்தான். பெட்ரோல் மிச்சம் என்று எண்ணி என்ஜினையே அணைத்துவிட்டு இறங்குபவர்களை இன்றும் காண்கிறேன். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது.

ஆயிலை முழுவதுமாக வெளியேற்றிப் புதிதாக நிரப்பி, குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற ஏர் எடுக்கச் சொல்லுங்கள். மேலே சிறிது ஊற்றி நிரப்புவது மாற்றியதாகாது. எந்த வகை என்பது வண்டியிலுள்ள பிரேக் ஆயில் டப்பாவின் மூடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். முன்பே திறந்து வைத்த பாட்டிலிலிருந்து ஊற்ற விடாதீர்கள், சீல் உடைக்காத பாட்டிலை உங்கள் கண்முன் உடைக்கச் சொல்லுங்கள். டாட் 5 என்பது சிலிகான் வகை. பெயரைப் பார்த்து மேலானது என்று நினைத்து அதை இதனோடு கலந்துவிடக் கூடாது. இனி இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

கூடவே கேலிப்பர் நகர்வதற்கான பின்கள் (pin) இரண்டும் தடையின்றி நகர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்தப் பின்கள் இறுகியிருந்தால், லிவரை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும்; இறக்கத்தில் ஆயில் இன்னும் விரைவாகக் கொதிநிலையை எட்டிவிடும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரத்தை நிலத்திலிருந்து தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. ஒரு சந்தேகம். இரண்டாம் கியரிலேயே முழு இறக்கமும் இறங்கினால் என்ஜின் அலறுகிறது. அதனால் என்ஜினுக்குக் கேடு வராதா? என் தந்தையார் அந்தக் காலத்தில் இறக்கத்தில் அப்படி ஓட்டவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்வார்.

மறுமொழி (ஓய்வு பெற்ற ஆசிரியர், வால்பாறை)

தம்பி, உங்கள் தந்தையார் சொன்னதும் சரிதான், இன்று உங்களுக்குச் சொல்லப்படுவதும் சரிதான். இடையில் என்ஜின் மாறிவிட்டது.

அவர் காலத்து வண்டிகளில் பல டூ ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்தவை. பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றுவோம். என்ஜினுக்கு உராய்வு நீக்கியாக வேறு எதுவும் கிடையாது. இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மூடிவிட்டால் பெட்ரோல் மிகக் குறைவாகத்தான் போகும், அதோடு ஆயிலும் குறைந்துவிடும்; ஆனால் சக்கரம் என்ஜினை வேகமாகச் சுழற்றிக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். எனக்கு ஆழியாறு பக்கம் இறங்கும்போது அப்படி நேர்ந்தது. அந்தப் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். நல்ல வெயில் நேரம், சாலை உலர்ந்திருந்தது. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டு, வண்டியின் வால் இடப்புறமாக இழுத்துக்கொண்டு போனது. பிஸ்டன் பிடித்துவிட்டது என்பது அறிவுக்கு எட்டும் முன்பே விரல்கள் கிளட்ச்சைப் பிடித்துவிட்டன. பின் சக்கரம் விடுபட்டது. தடுப்புச் சுவரை உரசியபடி போய் நின்றேன். கால்சட்டையின் முழங்கால் பகுதி கிழிந்து தோல் உரிந்ததோடு தப்பினேன். அந்த வண்டிகளை ஓட்டிய எங்கள் தலைமுறையினர் பலருக்கு இறக்கத்தில் இரு விரல்களைக் கிளட்ச் மேல் வைத்திருப்பதும், இடையிடையே ஆக்ஸிலரேட்டரைச் சிறிது திறந்து ஆயிலை அனுப்புவதும் பழகிப்போனதற்கு இதுதான் காரணம்.

உங்களுடையது ஃபோர் ஸ்ட்ரோக். அதில் ஆயில் பம்ப் என்ஜினின் சுழற்சியிலேயே இயங்குகிறது. என்ஜின் வேகமாகச் சுழன்றால் ஆயிலும் அதற்கேற்ற அளவில் போய்ச் சேரும். ஆர்.பி.எம். முள் சிவப்புக் கோட்டைத் தொடாத வரை அலறலைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஏறும்போது ஒரு வளைவுக்கு எந்தக் கியர் தேவைப்பட்டதோ, இறங்கும்போதும் அதே கியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கைத் தொடர்ந்து இலேசாக அழுத்திக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் நேர்ச்சாலையில் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, உடனே முழுவதும் விட்டுவிடுங்கள். விட்ட அந்த நொடிகளில்தான் டிஸ்க் ஆறும்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுவது இறங்குபவரின் கடமை. உங்களுக்கு அன்று அந்த ஓட்டுநர் வழிவிட்டார். மலையில் உயிர் பிழைத்தவர்களின் கதைகளில் இப்படி முகம் தெரியாத ஒருவர் இருப்பதை அடிக்கடி கேட்டிருக்கிறேன்.

மறுமொழி (திண்டுக்கல்)

முதல் மறுமொழியில் சொன்ன மற்ற வகை எனக்கு நேர்ந்தது. சிறுமலையில் இறங்கும்போது லிவர் இறுக்கமாகவே இருந்தது, ஆனால் முன் பிரேக் பிடிக்கவில்லை. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயின் ஆயில் சீல் கிழிந்து, எண்ணெய் வழிந்து டிஸ்க் முழுவதும் படர்ந்திருந்தது. பாதையோரம் சரிந்து கிடந்த மண்மேட்டில் ஏறி விழுந்ததால் மணிக்கட்டு எலும்பு முறிவோடு போயிற்று. எனவே ஃபோர்க் குழாயில் விரலால் தடவிப் பார்த்து, ஈரப்பசை தட்டினால் மலை ஏற வேண்டாம். எண்ணெய் ஊறிய பேடைத் துடைத்தோ தேய்த்தோ மறுபடியும் போடுவது பயன் தராது, மாற்றத்தான் வேண்டும்.

மறுமொழி (கோத்தகிரி)

கியர் இல்லாத ஸ்கூட்டர் ஓட்டும் அக்கா, தங்கைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். குறைந்த கியரில் என்ஜினே வேகத்தை அடக்குவதாக மேலே சொன்னார்களே, அது எங்கள் வண்டிகளில் மிகக் குறைவு. ஆக்ஸிலரேட்டரை மூடி வேகம் ஓரளவுக்குக் கீழே இறங்கியதும் உள்ளிருக்கும் கிளட்ச் தானாகவே விடுபட்டுவிடும். அதன் பிறகு வண்டி நியூட்ரலில் இருப்பதைப் போல உருளும். 36 வளைவுகள் கொண்ட கல்லட்டிச் சாலையில் என் முன்னால் இறங்கிய ஒரு பெண்ணுக்கு இரண்டு பிரேக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிப்பிழந்ததைக் கண்ணால் கண்டேன். கால்களை ஊன்றியபடியே போய்த் தேயிலைச் செடிகளுக்குள் விழுந்தார். உயிருக்கு ஆபத்து இல்லை, கணுக்கால் முறிந்துவிட்டது. பிரேக் டிரம்மிலிருந்து வந்த கருகல் நாற்றம் எனக்கு எட்டும் தொலைவில்தான் நான் இருந்தேன். ஆகவே கருகல் நாற்றம் வந்தால் அடுத்த அகலமான இடத்தில் கட்டாயம் நின்றுவிட வேண்டும். சூடாக இருக்கும் டிஸ்க்கின் மீதோ டிரம்மின் மீதோ தண்ணீர் ஊற்றக் கூடாது, உலோகம் கோணிவிடும். தானாக ஆறட்டும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. வேறொரு பணிமனையில் வண்டியைக் கொடுத்து, உடனிருந்து பார்த்தேன். வெளியேற்றிய ஆயில் கரும்பழுப்பு நிறத்தில் கலங்கலாக இருந்தது. சேலத்து ஐயா ஊகித்தபடியே கேலிப்பர் பின்களில் ஒன்று துருவேறி இறுகியிருந்தது. அதைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கு உரிய கிரீஸ் தடவி, புதிய டாட் 4 ஆயில் நிரப்பினார்கள். ஃபோர்க் சீலில் கசிவு இல்லை. நேற்று தனியாக மேலே சென்று, பெரும்பாலும் இரண்டாம் கியரிலேயே இறங்கினேன். அடிவாரம் வரை லிவர் மாறவே இல்லை. முன்பு இருமடங்கு வேகத்தில் வந்ததைப் போலக் கைகள் சோர்ந்துபோகும், நேற்று அந்தச் சோர்வும் இல்லை.

ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருக்கிறது. கீழே வந்தபோது பின் பிரேக் பெடல் சற்றுக் கீழே போய்ப் பிடித்தது. அந்த இடத்திலேயே பின் பிரேக்கைச் சரிசெய்யும் நட்டைத் திருகி இறுக்கிவிடலாமா?

மறுமொழி (பணிமனை நடத்துபவர், சேலம்)

சூட்டில் திருகாதீர்கள். டிரம் சூடேறினால் விரியும், அதனால் உள்ளிருக்கும் பிரேக் ஷூ அதைத் தொடுவதற்குப் பெடல் கூடுதலாக இறங்க வேண்டியிருக்கும். அப்போது நட்டை இறுக்கினால், டிரம் ஆறிச் சுருங்கியதும் ஷூ பிடித்துக்கொண்டு சக்கரத்தை உரசத் தொடங்கும். அடுத்த பயணத்தில் அதுவே புதிய வெப்பமாகிவிடும். காலையில், வண்டி முழுவதும் ஆறியிருக்கும்போது, பெடலின் தளர்வு வண்டியோடு கொடுத்த கையேட்டில் உள்ள அளவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட அதிகமாக இருந்தால் மட்டும் திருகுங்கள். ஷூவை விரிக்கும் பிரேக் கேமின் அடையாள முள் தேய்மான எல்லையைக் கடந்திருந்தால் திருகிப் பயனில்லை. ஷூவை மாற்றிவிட்டு, அதன் பிறகு உங்கள் மனைவியை ஏற்றிக்கொள்ளுங்கள்.