தடைக்காலத்தில் அம்மா பார்த்த மீன்கள்

நாகை மகள்:

எங்கள் வீட்டில் வெளியூர்ப் பயணம் என்றால் அது மீன்பிடித் தடைக்காலத்தில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அம்மாவுக்கும் மீன்கூடை தூக்கி விற்கும் வேலை இல்லை. கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் அந்த இரண்டு மாதத்துக்குள் முடித்தாக வேண்டும். 2018 மே மாதம் அண்ணன் டிக்கெட் போட்டு அனுப்ப, நானும் அம்மாவும் திருச்சியில் விமானம் ஏறி சிங்கப்பூர் போனோம்.

மூன்றாம் நாள் அண்ணி அங்கே செந்தோசாத் தீவுக்குக் கூட்டிப் போனார். அங்கே அப்போது எஸ்.இ.ஏ. அக்வேரியம் என்று ஒரு மீன் காட்சியகம் இருந்தது. அதே இடத்தை 2025 ஜூலையில் மூன்று மடங்கு பெரிதாக்கி, சிங்கப்பூர் ஓஷனேரியம் என்று பேர் மாற்றித் திறந்திருக்கிறார்கள். நான் சொல்வது பழைய கதை.

"மீன் பாக்கவா ஃபிளைட் ஏறி வந்தேன்? அக்கரைப்பேட்டைல பாக்காத மீனா?" என்று அம்மா கிளம்பும்போதே ஆரம்பித்துவிட்டார். நுழைவுச்சீட்டு விலையை அண்ணி மறைக்கப் பார்த்தார். நடக்கவில்லை. டாலரை ஐம்பதால் பெருக்கி, "ரெண்டு கிலோ வஞ்சிரம் வருமே இந்தக் காசுக்கு" என்றுதான் உள்ளே கால் வைத்தார்.

உள்ளே இருட்டு, ஏசி குளிர். முதலில் ஒரு சுரங்கம்போல வளைந்த பாதை, தலைக்கு மேலே சுறாக்கள். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "வயிறு நல்லா வெள்ளையா இருக்கு" என்றார், அவ்வளவுதான். எங்கள் ஊரில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது என்பது அம்மாவுக்குத்தான் முதலில் தெரியும். புட்டு செய்யப் பால்சுறா அந்த வீட்டுக்குத் தனியாக எடுத்து வைத்துவிடுவார். அப்படிப்பட்டவருக்குச் சுறாவைப் பார்த்து என்ன பிரமிப்பு வரும்?

ஆனால் அப்புறம் ஒன்று நடந்தது. அங்கே தொட்டிகளைக் கடல் கடலாகப் பிரித்து வைத்திருந்தார்கள். மலாக்கா நீரிணை, அந்தமான் கடல் என்று பலகைகள். ஒன்றில் வங்காள விரிகுடா என்று இருந்தது. நான் வாசித்துச் சொன்னேன். அம்மா நின்றுவிட்டார்.

"நம்ம கடலா? எங்க, காட்டு."

அதற்குப் பிறகு அவர் தெரிந்த முகம் தேட ஆரம்பித்தார். வேறு சொல்லே இல்லை அதற்கு. ஊர்த் திருவிழாவில் சொந்தக்காரர்களைத் தேடுவதுபோலத் தேடினார். "தோ, பாறை. அந்தப் பக்கம் நிக்கிறது களவா. எவ்ளோ பெருசு பாரு, பத்து கிலோ இருக்கும்." சுற்றி எல்லாரும் மஞ்சளும் நீலமுமான குட்டி மீன்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. கறிக்கு ஆகாதாம்.

திருக்கை ஒன்று கண்ணாடியோடு ஒட்டி மேலே ஏறியது. அடிப்பக்கம் முழுக்க வெள்ளை, சிரிக்கிற மாதிரி ஒரு வாய், அதற்கு மேல் இரண்டு புள்ளி. பக்கத்தில் ஒரு சின்னப் பையன், அவனும் தமிழ்ப் பிள்ளைதான், "அம்மா அது கண்ணு சிமிட்டவே மாட்டேங்குது" என்றான். எங்கள் அம்மா குனிந்து, "அது கண்ணு இல்ல தம்பி, மூக்கு. கண்ணு முதுகுப் பக்கம் இருக்கும். கீழ அஞ்சு அஞ்சு கோடு தெரியுதுல்ல, அதான் செவுளு" என்று பாடம் எடுத்தார். பையனுடைய அப்பா போனில் தேடிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு அம்மா என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "நாப்பது வருஷமா வாலை வெட்டுனதைத்தான் பாத்திருக்கேன். வாலோட நீஞ்சி இன்னைக்குத்தான் பாக்குறேன்." முள் குத்திவிடும் என்று படகிலேயே வாலை வெட்டிவிடுவார்கள், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

இனிதான் நான் எழுத வந்த விஷயம். கடைசியில் ஒரு பெரிய கூடம். ஒரு பக்கம் முழுக்கக் கடல். 36 மீட்டர் அகலம், 8.3 மீட்டர் உயரம், நடுவில் ஒரு தூண் கூடக் கிடையாது. ஆட்கள் தரையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அம்மா வாசலோடு நின்றுவிட்டார். நான் கையைப் பிடித்தேன், கை சில்லிட்டிருந்தது. எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. 2004 டிசம்பர் 26 அன்று நாங்கள் எங்கே இருந்தோம், எப்படித் தப்பினோம் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. நாகப்பட்டினம் என்று சொன்னாலே உங்களுக்குத் தெரியும். நிமிர்ந்து நிற்கிற தண்ணீரை அம்மா அதற்கு முன்னால் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறார். அழைத்து வருவதற்கு முன் நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

"வெளிய போற வழி எது?" என்று கேட்டார். காட்டினேன். அந்த வழிக்குப் பக்கத்துச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார். போய்விடலாம் என்று சொன்னேன். "இரு" என்றார். இருபது நிமிஷம் இருக்கும். பிறகு அவராகவே நடந்து வந்து உள்ளங்கையை அந்தத் தொட்டிக் கண்ணாடிமேல் வைத்தார்.

"ஜில்லுனு இல்லையே."

"இது கண்ணாடி இல்லம்மா. அக்ரிலிக். ஒரு மாதிரி பிளாஸ்டிக்" என்றேன். தைரியம் சொல்வதாக நினைப்பு.

"பிளாஸ்டிக்கா!" என்று இரண்டு அடி பின்னால் போய்விட்டார். அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முழங்கை நீளத்துக்கும் மேலே தடிப்பாக வார்ப்பார்கள், குளிரைக் கடத்தாது, அதனால்தான் கைக்குச் சில்லென்று இல்லை என்று அவர் விளக்கிய பிறகுதான் அம்மா கீழே உட்கார்ந்தார். மேலிருந்து கொம்புத் திருக்கை ஒன்று இறங்கி வந்தது, படகுப் பாய் விரித்த மாதிரி. அம்மா பேர் சொல்லவில்லை, எடை போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சத்தமே இல்ல பாரு. இவ்ளோ தண்ணி இருக்கு, அலைச் சத்தமே இல்ல" என்றார். அந்த இடத்தில் ஒன்றரை மணி நேரம் இருந்தோம்.

 

கூத்தாநல்லூர்க்காரன்:

நான் துபாய். 2014-லிருந்து 2019 வரை. துபாய் மாலில் இருக்கிற தொட்டியை டிக்கெட் இல்லாமலே பார்க்கலாம், அதுதான் எங்களை மாதிரி ஆட்களுக்கு அதன் பெரிய சிறப்பு. கடைகளுக்கு நடுவே நடைபாதையில் நின்றாலே முன்பக்கம் முழுக்கத் தெரியும். ஒரு கோடி லிட்டர் தண்ணீர், 75 சென்டிமீட்டர் தடிமனான அக்ரிலிக். உள்ளே 48 மீட்டர் சுரங்கம் இருக்கிறது, அதற்குத்தான் காசு. அப்போது வெள்ளிக்கிழமைதான் லீவு. ஜும்மா முடித்து, ரூமில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, நாலு பேராகக் கிளம்பிவிடுவோம். ஐந்து வருஷத்தில் சுரங்கத்துக்குள் ஒரே ஒரு முறை போனேன், வீட்டிலிருந்து மனைவியும் மகளும் விசிட்டில் வந்தபோது.

அங்கே ஒரு ஜாதிச் சுறா உண்டு, பல்லெல்லாம் வெளியே தெரிய, பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் அது பாட்டுக்குச் சோம்பேறியாகச் சுற்றும். அவ்வப்போது மேலே போய்க் காற்றை விழுங்கி வயிற்றில் வைத்துக்கொண்டுதான் மிதக்கிறதாம். அதைவிட எனக்கு மறக்காதது வேறு. முக்குளிப்பவர் ஒருவர் உள்ளே இறங்கி, துணி மாதிரி ஏதோ ஒன்றால் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் வேலை அப்போது கட்டடக் கண்ணாடி துடைப்பது. கயிற்றில் தொங்கிக்கொண்டு, முப்பதாவது மாடியில். மகளிடம், "அத்தாவும் இதே வேலைதான்மா பாக்குறேன்" என்றேன். அவள் கொஞ்சம் யோசித்து, "உங்க பக்கமும் மீன் வருமா அத்தா?" என்றாள். புறா வரும் என்றேன்.

ஓய்வுபெற்ற லஸ்கர் (ஆற்று மதகுப் பணியாளர்), மன்னார்குடி:

நாகை மகள் எழுதியதைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை. அந்தச் சிங்கப்பூர்த் தொட்டி ஒரு கோடியே எண்பது லட்சம் லிட்டர் என்று என் மருமகன் சொன்னார். ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 6 லட்சத்து 36 ஆயிரம் கன அடி. கல்லணையிலிருந்து வெண்ணாற்றில் விநாடிக்கு ஆயிரம் கன அடி விட்டால், பத்தரை நிமிஷத்தில் ரொம்பிவிடும். கூத்தாநல்லூர்த் தம்பியின் துபாய்த் தொட்டி ஆறு நிமிஷம் கூடத் தாங்காது. பெருமைக்குச் சொல்லவில்லை. முப்பத்தோரு வருஷம் மதகு திறந்து மூடியவனுக்கு லிட்டரில் சொன்னால் மனதில் ஏறாது.

நானும் பேரப்பிள்ளைகளோடு இரண்டு காட்சியகம் பார்த்தேன். ஒரு குறை. இரண்டிலும் நல்ல தண்ணீர் மீன் என்றால் அமேசான் மீன்தான். ஆள் உயர மீன், பல் வைத்த மீன். சரி, இருக்கட்டும். நம் விரால் என்ன பாவம் செய்தது? குட்டை ஓரத்தில் ஆடி, ஆவணியில் உட்கார்ந்து பாருங்கள். குஞ்சுகள் செக்கச்செவேலென்று குங்குமத்தை அள்ளிக் கொட்டினதுபோல மொத்தமாக நகரும். நிமிஷத்துக்கு ஒரு தரம் எல்லாம் ஒன்றாக மேலே வந்து காற்றைக் குடிக்கும், தண்ணீர் பொரிவதுபோல இருக்கும். கீழே தாயும் தகப்பனும் காவல். விரலை விட்டால் பாய்ந்து வரும். இதைக் கண்ணாடிக்குள் வைத்தால் பார்க்க ஆள் வராதா? ஆரல், குறவை, கெண்டை என்று வாய்க்காலில் இருப்பதை வைத்தே ஒரு கூடம் நிரப்பலாம். சென்னை மெரினாவில் 1909-லேயே மீன் காட்சியகம் திறந்து, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடினார்களாம். டெல்டாவுக்கு ஒன்று வைக்க இன்னும் யாருக்கும் தோன்றவில்லை.

மல்லிப்பட்டினம் மருமகள்:

எனக்கும் செந்தோசாதான், ஆனால் பழைய அண்டர்வாட்டர் வேர்ல்ட். 2016-இல் மூடிவிட்டார்கள். நான் போனது 2009. நகரும் பாதையில் நின்றால் அதுவே 83 மீட்டர் சுரங்கத்தைச் சுற்றிக் காட்டும்.

அங்கே கடல்பசு ஒன்று இருந்தது. எங்கள் பக்கம் அதை ஆவுளியா என்போம். என் மாமனார் கதை கதையாகச் சொல்வார்: அமாவாசை இருட்டில் படகுக்குப் பக்கத்தில் புஸ்ஸென்று மூச்சு விடும், ஆள் மூச்சு மாதிரியே இருக்கும் என்று. அந்தக் காலத்தில் வலையில் விழுந்தால் ஊரே கறி பங்கு போடுமாம். இப்போது தொட்டாலே கேஸ். நான் அந்தக் கடலோரத்தில் வாழ்க்கைப்பட்டு எட்டு வருஷம் ஆகியும் உயிரோடு ஒன்றைப் பார்த்ததில்லை. விமானம் ஏறிப் போய்த்தான் பார்த்தேன்.

சாம்பல் நிறம். எருமைக் கன்று மாதிரி உடம்பு, திமிங்கலம் மாதிரி வால். முகம் முழுக்கக் கட்டை மயிர், மேலுதடு கீழே தொங்கும், அடியில் இருக்கிற புல்லை மேய்வதற்குத் தோதாக. மேலே வந்து மூக்கைத் திறந்து மூச்சு விட்டது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்குச் சத்தம் கேட்கவில்லை. ஆனாலும் வாய்விட்டு "புஸ்" என்று சொல்லிவிட்டேன், பக்கத்தில் நின்ற சீனப் பாட்டி திரும்பிப் பார்த்தார். அது 1998-இல் குட்டியாக அங்கத்துக் கடலில் கிடைத்ததாம், தாய் வலையில் சிக்கிச் செத்துப்போயிருந்ததாம். 2014-இல் அதுவும் போய்விட்டது.

ஊருக்கு வந்து மாமனாரிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "கண்ணு இவ்ளோ சின்னதா?" என்று மட்டும் கேட்டார். 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுக் காப்பகமாக அறிவித்தார்கள், நாட்டிலேயே முதலாவது. எங்கள் மனோராக் கோட்டைக்கு நேர் எதிர்க் கடல் அது. இப்போது வலையில் ஆவுளியா சிக்கினால், பையன்கள் வலையை அறுத்து அதை விட்டுவிட்டு வீடியோ எடுத்து அனுப்புகிறார்கள். மாமனார் இருந்திருந்தால் காட்டியிருப்பேன்.

பரங்கிப்பேட்டைப் பையன்:

எங்கள் ஊரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் அருங்காட்சியகம் உண்டு. ஜாடி ஜாடியாக மீன், எல்லாம் மருந்துத் தண்ணீரில், எல்லாம் ஒரே பழுப்பு நிறம். பள்ளியில் கூட்டிப் போனார்கள். உயிரோடு நீந்துகிற காட்சியகம் இன்னும் பார்க்கவில்லை. ஒரு கேள்வி: நாகை அக்கா, உங்கள் அம்மா அதற்குப் பிறகு மீன் சாப்பிட்டாரா?

நாகை மகள்:

சாப்பிட்டாரா என்று கேட்கிறாயே தம்பி. அன்று சாயந்திரமே தேக்கா மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னார். கொடுவா ஒன்றின் செவுளைத் தூக்கி உள்ளே பார்த்தார், கண்ணை அமுக்கிப் பார்த்தார், கடைக்காரரிடம் தமிழிலேயே, "நாலு நாள் ஐஸ்ல இருந்தது, பாதி விலை சொல்லு" என்றார். அவரும் தமிழர்தான், நம் பக்கத்துப் பேச்சு. "மூணு நாள்தான் ஆத்தா" என்று சிரித்துக்கொண்டே கொஞ்சம் குறைத்தார். இரவு குழம்பு வைத்தது அம்மாதான். புளி போதவில்லை என்று அண்ணியைத் திட்டிக்கொண்டே இரண்டு துண்டு சாப்பிட்டார்.