ஒரே குழிக்குள்ளதான் ஈஸ்ட்ரடையோலும் தமொக்சிபனும் இருக்குது, பிறகேன் ஒண்டு எழுப்புது மற்றது அடக்குது?

வெள்ளவத்தை_மாணவி:
எல்லாருக்கும் வணக்கம். நான் கொழும்பில பயோகெமிஸ்ட்ரி ரெண்டாம் வருசம். ஏ.எல்லில ‘வாங்கி’ எண்டு படிக்கேக்க பூட்டும் திறப்பும் எண்டுதான் சொல்லித்தந்தவை, திறப்பு பொருந்தினா பூட்டு திறக்கும், அவ்வளவுதான். ஆனா ஈஸ்ட்ரஜன் றிசெப்டர்ல, அதாவது ஈஸ்ட்ரஜனைப் பிடிக்கிற வாங்கிப் புரதத்தில, ஈஸ்ட்ரடையோல் எண்ட ஈஸ்ட்ரஜன் ஹோர்மோன் இருக்கிற அதே குழிக்குள்ளதான் மார்புப் புற்றுநோய் மருந்து தமொக்சிபனும் போய் இருக்குது, வடிவா பொருந்தியும் இருக்குது, பிறகேன் அது ஜீனை ஓன் பண்ணேல்ல? ஸ்லைட்ல ‘ஹெலிக்ஸ் 12 இடம் மாறும்’ எண்டு ஒரே ஒரு வரி. அம்மா ரெண்டு வருசமா தமொக்சிபன் குடிக்கிறா, மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போறனான், டொக்டர் ஒவ்வொருமுறையும் ப்ளீடிங் இருக்கோ எண்டு கேப்பார். மார்பில ஈஸ்ட்ரஜனைத் தடுக்கிற மருந்து கர்ப்பப்பையில ஏன் ஈஸ்ட்ரஜன் மாதிரி நடக்குது? சோதினைக்காக மட்டும் கேக்கேல்ல.

புரதப்பைத்தியம்:
தங்கச்சி, அந்த ஒரு வரிக்குள்ளதான் முழு விசயமும் இருக்கு. றிசெப்டர்ல லிகண்டை (வந்து ஒட்டுற ஹோர்மோனையோ மருந்தையோ) பிடிக்கிற பகுதி ஏறத்தாள 12 ஹெலிக்ஸ் (புரதச் சுருள்) மூண்டு அடுக்கா மடிஞ்ச ஒரு உருண்டை, நடுவில கொழுப்புத்தன்மையான குழி. டிபன் கரியரை நினைச்சுப் பாருங்கோ. ஈஸ்ட்ரடையோல் சின்ன மூலக்கூறு, ஒரு பக்கம் குளுட்டமேட் 353, ஆர்ஜினின் 394, மற்றப் பக்கம் ஹிஸ்டிடின் 524 எண்டு (புரதத்தின்ர அமினோ அமிலங்களும் அவை இருக்கிற இட எண்களும்) பிடிச்சுக்கொண்டு முழுசா உள்ளுக்கு அடங்கிடும். அப்ப ஹெலிக்ஸ் 12 மூடி மாதிரி மேல வந்து படியும். முக்கியம் என்னெண்டா மூடுறதோட வேலை முடியேல்ல, அந்த மூடியும் பக்கத்துச் சுவரும் சேர்ந்து ஒரு பள்ளத்தை உருவாக்கும், அடுத்த அடுக்கு வந்து இருக்கிறது அதிலதான். அந்த அடுக்குத்தான் கோஆக்டிவேற்றர் எண்ட துணைப் புரதம், அதில லியூசின், வேற ரெண்டு, பிறகு லியூசின் லியூசின் எண்டு ஒரு சின்னத் துண்டு இருக்கு, அது பள்ளத்தில அப்பிடியே இறங்கும். அது வந்தாத்தான் ஜீன் வேலை செய்யும்.

தமொக்சிபனுக்கு நீளமான ஒரு பக்கக் கை. கரண்டிப் பிடி வெளியில நீட்டிக்கொண்டு நிக்கிற மாதிரி. மூடி படிய ஏலாம சரிஞ்சு, கோஆக்டிவேற்றர் வந்து இருக்கவேண்டிய அதே பள்ளத்தில தானே போய்க் குந்திடும், ஏனெண்டா ஹெலிக்ஸ் 12இலயும் அந்த லியூசின் துண்டு மாதிரி ஒரு வரிசை இருக்கு. இதை 1998இல படிக வடிவத்தில கண்டவை. எனக்கு முதல்தரம் அந்தப் படத்தைப் பாக்கேக்க அண்டு முழுக்க வேற வேலை ஓடேல்ல.

நிசப்த_ஆய்வுகூடம்:
மேல சொன்னது சரிதான், ஆனா திறப்பு மூடல் எண்டு ரெண்டே நிலைதான் எண்டு எடுக்கவேண்டாம். 1995இல இதே குடும்பத்து வேற ரெண்டு றிசெப்டரை, லிகண்ட் இல்லாத ஆர்எக்ஸ்ஆரையும் லிகண்ட் உள்ள ஆர்ஏஆரையும் ஒப்பிட்டுப் பாத்துத்தான், லிகண்ட் வந்தா ஹெலிக்ஸ் 12 டக்கெண்டு மூடும் எண்ட எலிப்பொறிப் படம் வந்தது. பிறகு என்எம்ஆர் (மூலக்கூறின்ர அசைவையும் காட்டுற ஒரு முறை) செய்து பாத்தா லிகண்ட் இல்லாதபோது ஹெலிக்ஸ் 12 ஒரு இடத்தில நிக்காம ஆடிக்கொண்டே இருக்கும் எண்டு தெரிஞ்சது. லிகண்ட் செய்யிறது ஆட்டத்தை ஒரு பக்கம் சாய்க்கிறதுதான், அதாலதான் பாதி வேலை செய்யிற பார்ஷல் அகோனிஸ்ட் எண்டு ஒரு சாதியே இருக்கு. சீனி வருத்தத்துக்குக் குடிக்கிற பயோகிளிட்டசோன் பிடிக்கிற பிபிஏஆர் காமா எண்ட றிசெப்டர்ல குழி பெரிசு, அதில பலவிதமான மூலக்கூறு பலவிதமா இருக்கும், ஒவ்வொண்டும் ஹெலிக்ஸ் 12ஐ ஒவ்வொரு அளவில இறுக்கும். மறுபக்கம் நர்1 எண்ட இன்னொரு றிசெப்டர் இருக்கு, படிகத்தில பாத்தா குழியே பக்கச் சங்கிலிகளால அடைபட்டிருக்கு.

தைரொய்ட் றிசெப்டர் இன்னும் வேற. ஹோர்மோன் இல்லாட்டியும் டிஎன்ஏயிலயே இருந்து கோறிப்ரெசர் எண்ட அடக்குற புரதத்தைப் பிடிச்சு ஜீனை அமத்தி வைச்சிருக்கும். ஹோர்மோன் வரேக்கதான் கோறிப்ரெசர் போய் கோஆக்டிவேற்றர் வந்து கைமாறும்.

கொட்டாஞ்சேனை_பார்மசி:
தங்கச்சி, கர்ப்பப்பைக் கேள்வியை ஒருத்தரும் தொடேல்லப்போல. றிசெப்டருக்கு எழுப்புற இடம் ரெண்டு இருக்கு. ஹெலிக்ஸ் 12 பக்கம் இருக்கிறது ஏஎஃப் 2, மற்றது ஏஎஃப் 1, முன்பக்கத்து வால்ல, அதுக்கு லிகண்ட் பெரிசா தேவையில்ல. தமொக்சிபன் தடுக்கிறது ஏஎஃப் 2ஐத்தான். மார்புக் கலத்தில இதே போதும். கர்ப்பப்பை உட்சவ்வில கோஆக்டிவேற்றர்களின்ர நிலவரம் வேற, அங்க ஏஎஃப் 1 வழியா வேலை நடந்துடும், உட்சவ்வு தடிக்கலாம். டொக்டர் ப்ளீடிங் கேக்கிறது இதாலதான். அம்மாவுக்கு மாதவிடாய் நிண்டுட்டுது எண்டா ஒரு சொட்டு வந்தாலும் அடுத்த கிளினிக் மட்டும் பாத்துக்கொண்டிராம உடன போய்ச் சொல்லுங்கோ. அதுக்காக மாத்திரையை நீங்களா நிப்பாட்டவேண்டாம், அதின்ர நன்மை பெரிசு.

வெள்ளவத்தை_மாணவி:
எல்லாருக்கும் மனசார நன்றி. அப்ப லிகண்டே இல்லாம மூடி தானா மூடினா என்ன நடக்கும்?

புரதப்பைத்தியம்:
அதுவும் நடக்குது. 537ஆம் இடத்து டைரோசின் செரினா மாறினா ஹெலிக்ஸ் 12 ஈஸ்ட்ரஜன் இல்லாமலே மூடின நிலையில இறுகும். ஈஸ்ட்ரஜன் உருவாகிறதைக் குறைக்கிற மருந்து குடிச்ச சில ஆக்களில, பரவின புற்றுநோயில இந்த மாற்றத்தைக் காணலாம், அப்ப அந்த மருந்துக்கு வேலை குறையும், றிசெப்டரையே அழிக்கிற ஃபுல்வெஸ்ட்ரண்ட் மாதிரி மருந்துப் பக்கம் போகவேண்டி வரும். 538இலயும் இப்பிடி ஒண்டு இருக்கு. ரெண்டு இடமும் ஹெலிக்ஸ் 12 தொடங்கிற முனையிலதான், படத்தில ஒருக்கா தேடிப் பாருங்கோ.