துல்லிய அறிவியலா, திட்ப அறிவியலா?

அன்பர்களே,

இயற்பியல், வானியல் போன்ற துறைகளைக் குறிக்கும் ‘எக்சாக்ட் சயின்ஸ்’ (exact science) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘துல்லிய அறிவியல்’ போதும் என்று நேற்றைய மடலில் முடித்துவிட்டீர்கள். எனக்கு ஒப்பவில்லை. உண்மை மதிப்பை ஒட்டி நிற்பதையும் துல்லியம் என்கிறோம்; பத்துத் தசமத்தானம் வரை எழுதுவதையும் துல்லியம் என்கிறோம். ஒரு வகைத் துறையின் பெயர் என்ற மூன்றாவது சுமையையும் ஏற்றினால் சொல் தாங்காது.

சனிப்பெயர்ச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் நாழிகைக் கணக்கில் நேரம் குறிக்கின்றன. நுணுக்கத்தில் ஒன்றுக்கொன்று குறைவில்லை. ஆனால் சனி மீனத்துக்குள் நுழைவது திருக்கணிதப்படி 2025 மார்ச்சில், வாக்கியப்படி 2026 மார்ச்சில். ராசியின் எல்லை எது என்பது தனி வழக்கு. சனி நிற்கும் இடத்தைத் தொலைநோக்கி காட்டிவிடும். நாழிகை வரை எழுதுவதால் மட்டும் ஒரு கணக்கு வானத்தோடு பொருந்திவிடாது.

பிறகு எதனால் ஒரு துறை ‘எக்சாக்ட்’ என்ற பெயருக்குத் தகுதி பெறுகிறது? வானியலாளர் கெப்ளர் வட்டப் பாதையை வைத்துச் செவ்வாய்க்குப் போட்ட கணக்கு, அவருக்கு முன் வானத்தை அளந்து வைத்த டைக்கோ பிராகியின் அளவீட்டிலிருந்து 8 கலை பிசகியது (ஒரு கலை என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு). முழுநிலவின் அகலத்தில் ஏறக்குறைய கால்பங்கு, அவ்வளவுதான். டைக்கோ தொலைநோக்கி இல்லாமல் வெறுங்கண்ணால் அளந்தவர். பழியை அவர்மேல் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்தக் கருவிகள் 8 கலை பிசகாது என்பது கெப்ளருக்குத் தெரியும். பல ஆண்டு உழைத்த கணக்கைக் கைவிட்டார். 1609-இல் நீள்வட்டம் அச்சேறியது. எவ்வளவு பிசகலாம் என்பதை முன்கூட்டியே அறிந்து, அதைத் தாண்டினால் கொள்கையை விட்டுக்கொடுக்கும் துறை என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். பிழையே இல்லாத துறை என்று பொருளில்லை.

ஆகவே ‘திட்ப அறிவியல்’ என்பது என் முன்மொழிவு. ‘திட்பநுட்பம்’ என்று சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம்; பாகம் பிரித்துவிடலாம். அளவீட்டின் நுணுக்கத்துக்கு நுட்பம், உண்மையை ஒட்டியிருப்பதற்குத் துல்லியம், துறையின் கண்டிப்புக்குத் திட்பம். (‘கறார் அறிவியல்’ என்று ஒருவர் எழுதியதை மிகவும் ரசித்தேன். பாடநூலில் ஏறாது என்பதுதான் வருத்தம்.)

அப்படியானால் உயிரியலை வெளியே தள்ளுகிறீர்களா என்று நம் குழுவில் ஓர் அம்மையார் கேட்டிருந்தார். இல்லை. மரபியலின் முன்னோடி மெண்டல் கலப்பின வாரிசுகளில் எண்ணிய பட்டாணியில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று; அவர் கொள்கை சொல்லும் விகிதமும் அதுவே. திட்பம் ஒரு துறையின் சில பகுதிகளில் மட்டும் இருக்கலாம். அதனால்தான் பெயரடையாக நிற்கும் சொல்லைத் தேடுகிறேன்.

ஒரே வேண்டுகோள்: ‘திட்பவியல்’ என்று சுருக்கிவிடாதீர்கள். அது திட்பத்தைப் பற்றிய படிப்பாகிவிடும்.