200 மீட்டர் ஓட்டம், இடுப்பு வலி, கைரோபிராக்டிக்: என் நேரம் குறைந்தது உண்மைதானா?

வளைவுக்காரன்

வணக்கம். வயது 20, ஓடுவது 200 மீட்டர். மூன்று மாதமாக இடுப்பின் இடப்பக்கத்தில் ஒரு பிடிப்பு. தொடக்கக் கோட்டில் காலை ஊன்றும் பிளாக்கிலிருந்து எழும்போது ஒன்றும் தெரிவதில்லை. வளைவின் நடுவில், உடலை உள்பக்கம் சாய்த்து ஓடும்போதுதான் பிடிக்கிறது. மறுநாள் காலையில் குனிந்து ஷூ கட்ட முடிகிறது. நிமிர்ந்து பின்பக்கம் வளைந்தால் சுருக்கென்கிறது.

உடன் ஓடும் ஒருவர் சொல்லி ஒரு கைரோபிராக்டரிடம் (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்திச் சிகிச்சை தருபவர்) போனேன். குப்புறப் படுக்கவைத்து இரண்டு குதிகால்களையும் சேர்த்துப் பார்த்தார். "இடது கால் 8 மில்லிமீட்டர் குட்டை, இடுப்பெலும்பு சாய்ந்திருக்கிறது" என்றார். ஒருக்களித்துப் படுக்கவைத்து ஒரே அழுத்து, மடமடவென்று சத்தம். கழுத்தையும் இரண்டு பக்கமும் திருகிவிட்டார். மறுபடி குதிகால்களைப் பார்த்தால் இரண்டும் சமம்!

அன்றும் மறுநாளும் ஓடக்கூடாது என்றார். மூன்றாம் நாள் ஓடினேன். உடம்பு பஞ்சாக இருந்தது. நேரம் 23.14. போன மாதம் போட்டியில் ஓடியது 23.41.

இனி வாரம் இரண்டு முறை, பன்னிரண்டு வாரம் வரவேண்டுமாம். மொத்தப் பணத்தையும் முன்னதாகவே கட்டச் சொல்கிறார். பயிற்சியாளரிடம் சொன்னால் முகத்தைச் சுளிக்கிறாரே தவிரக் காரணம் சொல்வதில்லை. போட்டிக்கு ஐந்து வாரம் இருக்கிறது. தொடரலாமா?

நீச்சல்பித்து

தாராளமாகத் தொடருங்கள். எனக்குத் தோள்பட்டையும் மேல்முதுகும் இறுகிப்போய்க் கையை முழுதாக நீட்ட முடியாமல் இருந்தது. நான்கு முறை போனேன், சரியாகிவிட்டது. பெரிய விளையாட்டு அணிகள் பலவற்றில் கைரோபிராக்டர்கள் இருக்கிறார்கள். பயனில்லாமலா வைத்திருப்பார்கள்?

ஏழாம் லேன் அக்கா

தம்பி, ஒரே ஒரு கேள்வி. 23.14 எந்தக் கடிகாரம்?

வளைவுக்காரன்

நண்பனின் கைப்பேசி, அக்கா. போட்டியில் மின்னணுக் கடிகாரம். ஏன் கேட்கிறீர்கள்?

ஏழாம் லேன் அக்கா

நினைத்தேன். பத்து வருடம் 400 மீட்டர் ஓடினேன். இப்போது போட்டிகளில் நேரக்காப்பாளராக நிற்கிறேன். அந்தப் புத்தியில்தான் கேட்டேன்.

கையால் நேரம் பிடிப்பவர் தொடக்கத்தைக் கண்ட பிறகுதான் பொத்தானை அழுத்துகிறார். அதில் ஒரு தாமதம். முடிவில் நீ ஓடி வருவது கண்ணுக்குத் தெரிகிறது. கோட்டைத் தொடும் நொடிக்கு விரல் முன்பே தயாராகிவிடும், அங்கே தாமதம் இல்லை. ஆகவே கைநேரம் எப்போதும் குறைவாகத்தான் வரும். அதை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 200 மீட்டருக்கு 0.24 நொடி கூட்டுவது வழக்கம். என் 400-க்கு 0.14. அதற்கும் முன்னால், கைநேரத்தில் நூறில் ஒரு பங்கு கணக்கில் வராது, அடுத்த பத்தில் ஒரு பங்குக்கு ஏற்றி எழுத வேண்டும். உன் 23.14, 23.2 ஆகிறது. 0.24 கூட்டினால் 23.44.

போட்டியில் ஓடியது 23.41. நீ வேகம் கூடவில்லை தம்பி. இருந்த இடத்தில்தான் இருக்கிறாய். காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று நான் கேட்கவே இல்லை.

"பஞ்சுபோல இருந்தது" என்பதை நான் பொய் என்று சொல்லவில்லை. எனக்கும் இருந்தது. ஒரு பருவம் முழுக்கப் பதினொரு முறை போனேன். ஒவ்வொரு முறையும் அடுத்த ஓட்டத்தில் கால் தானாக எழும். பயிற்சிக் குறிப்பேடு எழுதும் பழக்கம் இருந்ததால் தப்பித்தேன். பருவம் முடிந்து புரட்டிப் பார்த்தபோது, கால் லேசாக இருந்த நாள்கள் எல்லாம் இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு வந்தவை. அந்த ஓய்வைச் சொன்னவர் கைரோபிராக்டர். கேட்டது நான். பெயர் மட்டும் சத்தத்துக்குப் போயிருந்தது. ஓய்வெடுத்தும் அவரிடம் போகாத மூன்று வாரங்களிலும் அதே லேசுதான். உனக்கும் இரண்டு நாள் ஓய்வு சொன்னார் அல்லவா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது.

அடுத்து அந்த 8 மில்லிமீட்டர். சில மில்லிமீட்டர் வித்தியாசம் பெரும்பாலானோர் கால்களில் இருக்கிறது. குப்புறப் படுத்திருக்கும்போது இடுப்புத் தசை சற்று இறுகினாலும், கணுக்காலைப் பிடிக்கும் விதம் சற்று மாறினாலும் குதிகால்கள் ஏறி இறங்கும். ஓர் அழுத்தில் எலும்பு நீளாது. உசைன் போல்ட்டுக்கு முதுகெலும்பே பக்கவாட்டில் வளைந்தது, கால்களும் சமமில்லை. 2017-இல் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவருடைய 100 மீட்டர் ஓட்டத்தைக் காணொளியில் அளந்தார்கள். வலது கால் தரையில் மோதும் உச்ச விசை ஏறத்தாழ 13 சதவீதம் அதிகம். இடது கால் தரையில் 14 சதவீதம் கூடுதல் நேரம் தங்குகிறது. அந்தக் கோணல் காலோடுதான் 2009-இல் பெர்லினில் 200 மீட்டரை 19.19 நொடியில் முடித்தார். இத்தனைக்கும் நாம் ஓடுவதே எப்போதும் இடப்பக்கம் திரும்பித்தான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால்தான் நான் ஆச்சரியப்படுவேன்.

சத்தம் எலும்பு இடம் மாறும் சத்தம் அல்ல. நெட்டி முறிக்கும்போது வருவதே அங்கும் வருகிறது. மூட்டின் இரு பரப்புகளும் சட்டென்று விலகும்போது உள்ளே இருக்கும் திரவத்தில் வாயுக்குழி உண்டாகிறது. 2015-இல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒருவரின் விரல் மூட்டை எம்ஆர்ஐ கருவிக்குள்ளேயே இழுத்துப் படம்பிடித்தார்கள். முறித்த விரலை உடனே மறுபடி முறித்துப் பார், வராது. இருபது நிமிடம் போல ஆகவேண்டும்.

முன்பணம் கட்டாதே. பன்னிரண்டு வாரம் கழித்து உடம்பு எப்படி இருக்கும் என்பதை முதல் நாளே அறிந்தவர் யாரும் இல்லை.

நீச்சல்பித்து

அக்கா, எல்லாம் சரி. ஆனால் என் கை நீண்டதே! அது கடிகாரம் அல்லவே, கண்ணால் பார்த்தது.

மூட்டுவேலை

நீச்சல்பித்து சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் பிசியோதெரபிஸ்ட், முதுகெலும்பை அழுத்தித் தளர்த்தும் முறையை நானும் பயன்படுத்துகிறேன். மூட்டின் அசைவு கொஞ்ச நேரத்துக்குக் கூடும், வலி குறையும். இடுப்பு வலிக்கு மருந்தில்லாமல் முதலில் செய்து பார்க்கத்தக்க வழிகளில் ஒன்றாக, அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்ற மருத்துவர் அமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைச் சேர்த்திருக்கிறது. ஆனால் நாள்பட்ட வலியில் உடற்பயிற்சி போன்ற மற்ற முறைகளைவிட இது பெரிதாக மேலானதல்ல. வலி குறைந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் உடம்பை உழைக்கவைத்தால்தான் பலன் தங்கும். உங்கள் நீச்சல் பயிற்சியாளர் அந்த நாள்களில் தோளுக்குப் பயிற்சி எதுவும் தரவில்லையா? வலியால் கெட்டுப்போன ஓட்டம் வலி போனதும் திரும்பலாம். வலியே இல்லாத ஒருவரை இது வேகமாக்கும் என்று நம்ப இடமில்லை.

வளைவுக்காரன், எனக்குக் கவலை உங்கள் நேரத்தைப் பற்றியல்ல. குனிந்தால் வலிக்கவில்லை, பின்பக்கம் வளைந்தால் ஒரு பக்கம் மட்டும் சுருக்கென்கிறது, மூன்று மாதமாக இருக்கிறது, வயது 20. இதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது முள்ளெலும்பின் பின்பக்க வளையத்தில் அழுத்தமுறிவு, அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால் வரும் விரிசல். பெரும்பாலும் கடைசியான ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பில் வரும். வேகப்பந்து வீச்சாளர்கள், ஜிம்னாஸ்ட்டுகள், ஈட்டி எறிபவர்களிடம் அடிக்கடி பார்க்கிறோம், ஓட்டக்காரர்களுக்கும் வரும். ஒற்றைக் காலில் நின்று பின்னால் வளைந்து பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது, அதை மட்டும் நம்பி உண்டு இல்லை என்று சொல்ல முடியாது. ஆரம்ப நிலையில் எக்ஸ்ரேயிலும் தெரியாமல் போகலாம். விளையாட்டு மருத்துவரைப் பாருங்கள், தேவையென்றால் எம்ஆர்ஐ எடுப்பார். அதுவரை யாரும் உங்கள் இடுப்பை முறுக்க வேண்டாம். முறிவு இருந்தால் சில மாதம் ஓட்டத்தை நிறுத்தவேண்டி வரும். அதை அழுத்தி மறைப்பது உங்களுக்கு நல்லதல்ல.

இடுப்பு வலிக்குப் போனவரின் கழுத்தை ஏன் திருகினார்? கழுத்தை வேகமாகத் திருகும்போது மூளைக்குப் போகும் தமனியின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் அரிதாகவாவது பதிவாகியிருக்கின்றன. கழுத்தில் பிரச்சினையே இல்லாத ஒருவர் அந்த அபாயத்தை ஏற்பதற்குக் காரணமே இல்லை. திருகிய பிறகு புதிதாகக் கடும் கழுத்துவலி, தலைவலி, தலைச்சுற்றல், பேச்சுக் குழறல் வந்தால் உடனே மருத்துவமனை. அதேபோல, தொடைகளுக்கிடையே மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும், மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

நீச்சல்பித்து

தந்தார், தினமும் ரப்பர் பட்டையோடு இருபது நிமிடம். அதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

வளைவுக்காரன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எம்ஆர்ஐ எடுத்தாயிற்று. முறிவு இல்லை, ஆனால் மூட்டுவேலை ஐயா சொன்ன அதே இடத்தில் எலும்புக்குள் நீர்க்கோவை இருக்கிறதாம். முறிவுக்கு முந்தைய கட்டம் என்றார் மருத்துவர். ஆறு வாரம் ஓட்டமும் தாண்டுதலும் கிடையாது. போட்டி போயிற்று. வயிற்றுக்கும் புட்டத்துக்கும் பயிற்சி தந்திருக்கிறார்கள், சலிப்பாக இருக்கிறது. முன்பணம் கட்டவில்லை.

அக்கா, ஓட முடியாத நிலையில் நேற்று மைதானத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அணியில் ஒருவன் 200 ஓடினான். மின்னணுக் கடிகாரம் 22.97 காட்டியது. பக்கத்தில் கைப்பேசியோடு நின்ற அதே நண்பன் 22.68 என்று குதித்தான்.